உலைக் கதவின் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா?



தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜார்ஜ்டவுனில், தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரம், ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்புறம் நின்றுகொண்டிருந்தேன். செபராங் பிறையில் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் சேர்ந்து போட்ட பந்தல் அது. தோட்டம் இன்று இல்லை. பால் மரம் நின்ற இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. ஆட்கள் அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ஆனாலும் தைப்பூசம் வந்தால் எல்லாரும் கடல் தாண்டி வந்து ஒரே அண்டாவைச் சுற்றி நிற்பார்கள்.

எரிவாயு அடுப்புகள் வரிசையாகச் சீறிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் மட்டும் விறகு அடுப்பு. எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து, அடியில் ஓர் இழுப்புத் தகடு வைத்துச் செய்தது. தகட்டை இழுத்தால் காற்று உள்ளே போகும், தள்ளினால் அடைபடும். எவ்வளவு இழுப்பது என்பதற்குத் தகட்டில் மூன்று கோடு போட்டிருந்தார்களாம். பருப்பு வேக ஒரு கோடு, சாதத்துக்கு ஒரு கோடு, தணலில் போடுவதற்கு ஒரு கோடு. அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷம் பால் வெட்டிய கை. அவர் குனிந்து குனிந்து பார்க்கிறார், முகத்தைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். அதற்குள் பருப்பு அடிபிடித்துவிட்டது.

“தம்பி, அந்தக் கோடு எங்க இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாத்தான் தெரியுது” என்றார்.

நான் குனிந்தேன். எனக்கும் தெரியவில்லை! எனக்கு நாற்பத்தாறு வயது. போன வருஷம்தான் வாசிப்புக் கண்ணாடி வாங்கினேன். அது சட்டைப் பையில் இருக்கிறது; புகையில் போட்டால் பனி படிந்த மாதிரி ஆகிவிடுகிறது. கையால் துடைத்தால் கரி போகவில்லை. விறகுப் புகையின் கரி வெறும் தூசி அல்ல, தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும் சாமான்.

பருப்பு அடிபிடித்தது பெரிய சேதமில்லை. இன்னொரு அண்டா ஏற்றினார்கள். ஆனால் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்துவிட்டது. அவர் கதை வேறு மாதிரி முடிந்தது.

இளம் தோழர்களில் பலர் ரப்பர் புகைவீட்டை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் ‘ஸ்மோக்கவுஸ்’ என்போம். ஸ்டோரில் பாலைத் தண்ணீர் கலந்து, திராவகம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துச் சீட்டாக இழுப்பார்கள். கடைசி உருளை சீட்டில் வரிவரியாகத் தடம் போடும். நீர் வடிந்த சீட்டை மூங்கில் கழியில் தொங்கவிட்டுப் புகைவீட்டுக்குள் ஏற்றுவார்கள். ரப்பர் மரத்து விறகைத்தான் எரிப்பது வழக்கம். புகையும் சூடும் சேர்ந்து நாலைந்து நாளில் சீட்டை உலர்த்தும். புகையில் உள்ள சத்து பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும். அப்படி வந்த பொன் பழுப்புச் சீட்டுதான் மூட்டை மூட்டையாகப் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேறியது.

இந்த வேலையில் உயிர் எங்கே இருக்கிறது? சூட்டில் இருக்கிறது. முதல் நாள் 40, 45 டிகிரி போதும். கூரைக் காற்று வழிகள் திறந்திருக்க வேண்டும், ஈரம் வெளியேற வேண்டும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் 60 டிகிரியைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். ஈரச் சீட்டில் சூடு ஏறிவிட்டால் உள்ளே நீராவி கட்டிக் குமிழ் குமிழாகப் பொங்கிவிடும். சூடு குறைந்தால் சீட்டின் நடுவில் வெள்ளைத் திட்டு நிற்கும், பூஞ்சணம் ஏறும். சீட்டுக்குத் தரம் போடுவது கண்ணால் பார்த்துத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். குமிழ் தெரிந்தால் முதல் தரம் போயிற்று, விலை போயிற்று. 1925-ல் ஏற்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்தப் புகைவீட்டின் கட்டுமானத்தையும் சூட்டு அளவையும் பற்றி எவ்வளவோ ஆராய்ந்து தோட்டங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

ஆனால் அந்த அளவையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு நடத்திக் காட்டுவது யார்? உலைக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஓர் ஆள். எங்கள் தோட்டத்தில் அது என் பெரியப்பா.

உலை கட்டடத்துக்கு வெளியே இருந்தது. தீயின் சூடும் புகையும் தரைக்கு அடியில் சுருங்கை வழியாக உள்ளே போகும். உலை வாய்க்குப் பக்கத்தில் காற்றை அடக்கும் தகடு. அதைத் திருப்ப ஒரு சின்னப் பிடி. பிடியின் முனை ஓர் இரும்பு வில்லின் மேல் நகரும். வில்லின் ஒரு கோடியில் இங்கிலீஷ் ‘ஓ’, திறப்பதற்கு. மறு கோடியில் இங்கிலீஷ் ‘சி’, மூடுவதற்கு. இரண்டுக்கும் நடுவில் ஐந்து சின்னக் கோடுகள், வார்ப்பிலேயே வந்தவை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘ஓ’ என்பது முழு வட்டம். ‘சி’ என்பது ஒரு பக்கம் வாய் திறந்த வட்டம். அந்த வாயில் கரி அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான்! எந்தப் புத்திசாலி இந்த இரண்டு எழுத்தையும் ஒரே இரும்பில் போட்டானோ தெரியாது. அவன் ஒரு ராத்திரியாவது உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் போட்டிருக்க மாட்டான்.

1990-ல் நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பையன். பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. வெளியே சொல்லமாட்டார். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார். “டேய், அந்தப் பிடி எத்தனாவது கோட்டுல நிக்குது, பாத்துச் சொல்லு” என்பார். நான் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வேன். “மூணுல நிக்குது பெரியப்பா.” “ரெண்டுக்குத் தள்ளு.” இப்படியே ஆறேழு மாதம் ஓடியது. அந்தப் புகைவீட்டின் கண் நான்தான் என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் எனக்கு அம்மை போட்டுப் படுத்துவிட்டேன். மூன்றாம் ராத்திரி அவர் பிடியைத் தடவிப் பார்த்து மூடியதாக நினைத்துத் திறந்துவிட்டார். அன்று ஏற்றியது முழுதும் ஈரச் சீட்டு. விடியற்காலம் ஸ்டோர்க் கிராணி வந்து பார்க்கும்போது ஒரு அறைச் சீட்டும் அம்மைத் தழும்பு மாதிரி பொங்கிக் கிடந்தது. தீப்பொறி பறந்து சீட்டில் பிடிக்காமல் போனது தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். புகைவீடு எரிந்து சாம்பலானது எத்தனையோ தோட்டங்களில் நடந்த கதை.

சம்பளத்தில் அறுபது வெள்ளி பிடிப்பதாகச் சொன்னார்கள், மூன்று மாதத் தவணையில். “குடிச்சுட்டுத் தூங்கியிருப்பான்” என்று ஒரு பேச்சு வேறு. பெரியப்பா குடிக்கிறவர் அல்ல.

எங்கள் தோட்டக் கமிட்டித் தலைவர் சட்டம் படித்தவர் அல்ல. ஆனால் ஒரு காரியம் செய்தார். 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அதன் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று கணக்காகச் சொல்கிறது. சாமான் கெட்டுப்போனது என்று முதலாளி தன் இஷ்டத்துக்குப் பிடிக்க அதில் இடமில்லை. தண்டனை கொடுப்பதானால் 14-ஆம் பிரிவின்படி முறையான விசாரணை வேண்டும். “சரி, விசாரணை வைங்க தொரை. ஆனா ஆபீஸ்ல வேணாம், உலைக்கு முன்னாடி வைங்க. ராத்திரியில வைங்க” என்றார்.

ராத்திரியில் வைக்கவில்லை. காலை பத்து மணிக்குச் சின்னதுரை வந்தார். நல்ல வெயில். அப்படியும் அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, கடைசியில் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் பிடி எங்கே நிற்கிறது என்று சொன்னார். கைக்குட்டை கறுத்துப்போனது. அதைத் திருப்பிப் பையில் வைக்கவா, கீழே போடவா என்று தெரியாமல் அவர் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அறுபது வெள்ளி பிடிக்கவில்லை. ஆனால் பெரியப்பாவைப் புகைவீட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டுவிட்டார்கள். கூலி குறைந்தது, வெயில் வேறு. அவருக்குப் பின்னால் வந்த ஆளுக்காக அந்த இரும்பு வில்லைச் சுரண்டிச் சிவப்பு வர்ணம் அடித்தார்கள். அதை முதலிலேயே செய்திருந்தால்?

அந்தச் சிவப்பு வர்ணமும் தப்பு. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு முதலில் மறைகிற நிறம் சிவப்புத்தான். பகலில் பளிச்சென்று இருக்கும் சிவப்பு, இருட்டு ஏற ஏறக் கறுப்பாகிவிடும். கறுத்த இரும்பின்மேல் சிவப்புக் கோடு போட்டு ராத்திரியில் பார்க்கச் சொல்வது, கரியின்மேல் கரியால் எழுதின மாதிரி. சிவப்பு-பச்சை பேதம் பிறவியிலேயே தெரியாத ஆண்கள் நூற்றுக்குச் சிலர் உண்டு. ‘பச்சை திற, சிவப்பு மூடு’ என்ற ஏற்பாடு அவர்களைக் கைவிட்டுவிடும்.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். நாற்பது தாண்டினால் கிட்டத்துப் பொருள் மங்குவதை நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்பார்கள். கண்ணின் வில்லை இறுகிப்போவதால் வருவது அது. அறுபது வயதில், இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது என்று கண் வைத்தியர்கள் சொல்கிறார்கள். புரை விழுந்தால் அதுவும் கலங்கும். இதற்கெல்லாம் மேலே தீயைப் பார்த்த கண் வேறு. உலைக் கதவைத் திறந்து தணலைப் பார்த்துவிட்டு உடனே இருட்டில் கோட்டைத் தேடினால், இளைஞனுக்கும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். ஆகையால் முதலில் கோட்டைப் பாருங்கள், பிறகு உலைக் கதவைத் திறங்கள். செலவில்லாத காரியம். பெரியப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“ஸ்மோக்கவுஸே போயிடுச்சு, இப்ப எதுக்கு இந்தக் கதை?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். 1965-ல் கட்டி ரப்பருக்குத் தரச் சான்று முறை வந்த நாளிலிருந்தே சீட்டுக்கு இறங்குமுகம். இன்று பெரும்பாலும் மங்கில் உறைந்த கட்டிப்பாலாகவே ரப்பர் போகிறது. ஆனால் தீ போகவில்லையே! செம்பனை ஆலைகளில் கொதிகலனுக்குப் பழத்தின் நாரும் ஓடும் எரிகிறது. ரப்பர் மரத்துப் பலகையை உலர்த்தும் சூளைகளில் மரத்துண்டு எரிகிறது. அங்கெல்லாம் காற்றை அடக்கும் தகடு உண்டு, பிடி உண்டு, கரி உண்டு. பிடியைப் பிடிக்கிற ஆள் இன்று வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இங்கிலீஷும் தெரியாது, ‘புக்கா, துத்துப்’ என்று மலாயில் எழுதினாலும் எல்லாருக்கும் புரியாது. காற்று முழுதும் அடைபட்டால் தணல் புழுங்கி நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு கிளம்பும். தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். புகைவீட்டுக்குள் சீட்டைத் திருப்பப் போனவர்கள் தலை கிறுகிறுத்து வெளியே வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ‘புகை பிடிச்சிடுச்சு’ என்று மோர் கொடுப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஆலையில் வேலை செய்யும் நம் தோழர் ஒருவரும் நானும் இதைப் பற்றிப் பல நாள் பேசியிருக்கிறோம். அவர் பற்றவைப்பு வேலைக்காரர். அவர் கருத்து, வர்ணம் இரண்டாவது, வெட்டு முதலாவது. முக்கோண அரத்தால் இரும்பில் ஆழமாக ஒரு வெட்டு, அடுத்த நிலைக்கு இரண்டு வெட்டு, அதற்கடுத்து மூன்று. கரி ஏறினாலும் கம்பித் தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்தால் பள்ளம் தெரியும். எழுத்தே வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணத் தெரியாதவர் யார்? கண் சரியில்லாதவர் ஒரு குச்சியால் தடவியே எண்ணிக்கொள்ளலாம். விரலால் தடவாதீர்கள், இரும்பு சுடும்.

அவர் சொன்ன இன்னொரு யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிடி இரண்டு அங்குலம் இருந்தால், கால் வட்டம் திரும்பும்போது அதன் முனை மூன்று அங்குலம்தான் நகரும். அதற்குள் ஐந்து கோடு என்றால் நெருக்கடி. அதே பிடியோடு பத்து அங்குலக் கம்பியை முள்ளாகப் பற்றவைத்துவிடுங்கள். முனை பதினைந்து அங்குலத்துக்கு மேல் நகரும்! கோட்டுக்குக் கோடு மூன்று அங்குலம் இடைவெளி கிடைக்கும். முள்ளின் முனை சூட்டைவிட்டும் கரியைவிட்டும் தள்ளி வந்துவிடுவதால், அங்கே ஒரு பலகையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு போடலாம். ஐந்து அடி தூரத்தில் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம். தீக்கு முகம் கொடுக்க வேண்டியதில்லை.

வர்ணம் அடித்தே ஆகவேண்டுமென்றால் வீட்டுக் கதவுக்கு அடிக்கும் வர்ணம் உதவாது. சூட்டில் பழுத்து உரிந்துவிடும். சூடு தாங்கும் அலுமினிய வர்ணம் கடையில் கிடைக்கிறது. உலை ஆறினபின், துருவைச் சுரண்டிவிட்டு, வெட்டுப் பள்ளத்துக்குள் மட்டும் அடிக்க வேண்டும். எல்லா இடமும் அடித்துவிட்டால் எல்லாமே வெள்ளை. மறுபடியும் கோடு தெரியாது! நான் ஓர் ஆலையில் இந்தக் கூத்தைக் கண்டேன்.

நம் ஊரில் மட்டும் இந்தச் சங்கடம் என்று எண்ண வேண்டாம். 1950-களில் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் ஏழை வீடுகளுக்காகப் புகையில்லா மண் அடுப்பு ஒன்றை உருவாக்கினார். புகைபோக்கி வைத்தது, காற்றோட்டத்தை அடக்க அதற்கும் ஒரு தகடு. நல்ல அடுப்பு, நல்ல மனம். ஆனால் பல வீடுகளில் அந்தத் தகட்டை யாரும் தொடுவதேயில்லை என்று பிற்காலத்தில் அடுப்புகளை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எப்போது, எவ்வளவு இழுப்பது என்று தகடே சொல்லாவிட்டால், சமைக்கிற பெண்ணுக்கு அது இன்னொரு இடைஞ்சல்தானே? அடுப்பு செய்கிறவர் பகலில் செய்கிறார். அடுப்பெரிக்கிறவர் விடியாத இருட்டில் எரிக்கிறார்.

சட்டம் இன்று பழைய நாளைவிட நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 1994-ஆம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும். 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால் வேலையிடத்தைவிட்டு விலகி நிற்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் என்ன பேசுகிறோம்? தொப்பி, பூட்ஸ், கையுறை. ‘பிடியின் கோடு தெரியவில்லை’ என்று ஒருவராவது எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கொதிகலனில் ஏதாவது ஆகி, ‘ஆள் தூங்கிட்டான்’ என்ற பழைய பல்லவியைப் பாடும்போது அந்த நகல் பேசும்.

கண் தெரியவில்லை என்பதையும் ஒளிக்காதீர்கள். பெரியப்பாவை 1991-ல் என் அப்பா ஃபெர்ரியில் ஏற்றிப் பினாங்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். புரையை எடுத்தார்கள், கனத்த கண்ணாடி போட்டார்கள். திரும்பி வருகையில் ஃபெர்ரியின் ஓரத்தில் நின்று, கரையில் தெரிந்த கிடங்குகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொல்லி, சரியா என்று தானே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்தின் உருவம் தெரிகிறதே, அதுவே போதும் அவருக்கு. “அது ஓ, இது சி. இப்ப நல்லாத் தெரியுதுடா” என்றார். புகைவீட்டுக்குத் திரும்ப அவரை யாரும் கூப்பிடவில்லை.

தைப்பூசப் பந்தலுக்கு வருகிறேன். பற்றவைப்புத் தோழர் அன்று பந்தலில்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு அடுப்பைக் காட்டினேன். மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்துவந்தார். தகடு சுட்டது, இடுக்கியால் உருவி, வாளித் தண்ணீரில் போட்டு ஆறவைத்தார். அக்கா பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தன் கரண்டிக் காம்பை வைத்து அளந்து காட்டினார். பருப்புக்கு ஒன்று, சாதத்துக்கு இரண்டு, தணலுக்கு மூன்று. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. தகட்டைத் திருப்பிச் செருகியதும் அக்கா ஒரு தென்னங்குச்சியை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணு… ரெண்டு…” என்று எண்ணிவிட்டு, “தம்பி, வீட்டு கேஸ் அடுப்புத் திருகாணியிலயும் ஒண்ணும் தெரியமாட்டேங்குது. அதுக்கும் இந்த அரம் போடுமா?” என்று கேட்டார்.